கயிறு பிடித்தவர்களுக்குப் பங்கு

எழிலை ஒரு வருடமாக யாரும் திட்டவில்லை.

வீட்டுப்பாடம் எழுதாமல் போனாலும், "பரவால்லம்மா, ஒக்காரு" என்றார் வசந்தா டீச்சர். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தாலும் அவள் அவுட் இல்லை. அவுட்டே ஆகாத ஆளோடு யார் விளையாடுவார்கள்? கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

போன வருடம் இதே நாளில், தொலைவிலுள்ள ஒரு ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் குண்டு வைத்தார்கள். படகு எஞ்சின் வாங்கப் போயிருந்த எழிலின் அப்பா மாயவன் திரும்பி வரவில்லை. இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்க, நட்பு நாடு ஒன்று விமானத்தில் ஆட்களை அனுப்பியது. அந்தக் குழுவில் இருந்த டாக்டர் ஹானா இன்று மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழிலின் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். இறந்தவர்களுக்கு அஞ்சலி, நட்பு நாட்டுக்கு நன்றி. இரண்டும் ஒரே பந்தலில்.

மேடையில் பெரிய பேனர். அதில் விழாக் குழுத் தலைவர் ஆளுயரத்துக்குச் சிரித்தார். அவர் தம்பியும் சிரித்தார். அப்பா ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் இருந்தார்.

மௌன அஞ்சலி நடந்தது. மைக் மட்டும் கடைசிவரை கத்தியது. பிறகு டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு கருங்கல் யானையைப் பரிசளித்தார்கள். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவார் என்று யாரும் யோசிக்கவில்லை. யானையும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் எல்லோரும் மெல்ல நழுவினார்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டுமே! "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பார்க்கப் போன தலைமையாசிரியர் ராஜாராம் திரும்பவே இல்லை. மூன்று இளநீருக்கும் ஒரு யானைக்கும் நடுவில் டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பந்தலுக்குப் பின்னால் கடற்கரை. அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய வலை மாயவன் பேரில் போட்டது. வகுப்பே கயிற்றில் தொங்கியது. எழிலும் ஓடினாள்.

"நீ வோணாம் எழிலு," என்றார் வலைக்காரர் சடையப்பன். "கை தோலு உரிஞ்சிடும். போய் நெழல்ல ஒக்காரு."

"நானும் இழுக்கறேன் பெரிப்பா!"

"சொன்னா கேளு கண்ணு."

அப்பா பேரில் போட்ட வலை. அதில் அவளுக்கு மட்டும் இடமில்லை.

திரும்பி வந்து டாக்டர் இருந்த சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தாள். டாக்டர் ஓர் இளநீரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு பேனரின் மூலையைக் காட்டினார்.

"ஃபாதர்?"

எழில் தலையாட்டினாள். கயிறு இழுப்பதுபோல் கைகளை அசைத்துக் காட்டினாள். "அப்பா... ஸ்ட்ராங்."

டாக்டர் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு தானும் அதேபோல் இழுத்துக் காட்டினார். "ஸ்டேஷன். ஸ்டோன். ரோப். டே... நைட்... டே." உள்ளங்கையை விரித்தார். குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு.

கயிறு அறுத்த தழும்பு. அப்பா கையிலும் ஒன்று இருந்தது.

எழில் யோசித்தாள். சிறப்பு விருந்தினரிடம் இந்த ஊரில் யாரும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். சொல்வதற்குப் பக்கத்தில் வர வேண்டுமே!

"கம், டாக்டரம்மா!"

கையைப் பிடித்துக் கயிற்றிடம் இழுத்துப் போனாள். சடையப்பன் வாயைத் திறந்தார். டாக்டரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். இருவரும் கயிற்றைப் பிடித்தார்கள். ஓர் அலை வந்தது. டாக்டர் தொப்பென்று மணலில் உட்கார்ந்தார். பொன்னாடை கடலுக்குப் போனது.

எழில் சிரித்தேவிட்டாள்.

"ஏய், இன்னா சிரிச்சிகினு கீற?" பின்னாலிருந்து அவள் வகுப்புத் தேவா கத்தினான். "இழுடி! வலை போவுது!"

இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. விடவில்லை.

வலை கரையேறியது. நெத்திலி வெள்ளியாகத் துள்ளியது. சடையப்பன் கூறு போட்டு, முதல் கூறை டாக்டரிடம் நீட்டினார்.

தலைமையாசிரியர் இப்போது ஓடி வந்தார். "ஐயோ, கெஸ்ட்டுக்கு மீனா? அதான் யானை குடுத்தாச்சே!"

"கயிறு புடிச்சா பங்கு உண்டு சார்," என்றாள் எழில். "அங்க ஸ்டேஷன்லயும் கயிறு புடிச்சாங்க. அதுக்கும் சேத்து குடுங்க பெரிப்பா."

சடையப்பன் டாக்டரின் உள்ளங்கையைப் பார்த்தார். இரண்டு கையாலும் அள்ளி இன்னொரு கூறு வைத்தார். டாக்டர் மீனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். யானையை அவர் அப்படிப் பிடிக்கவில்லை.

அடுத்தது எழிலின் பங்கு.

"இவ பாதியிலதான வந்தா!" தேவா குதித்தான். "பாதிப் பங்கு போதும்!"

"போடா! நீ கயித்துல தொங்கினுதான கெடந்த? நான் இழுத்தேன்!"

"யாரு, நீயா? நீ சிரிச்சிகினு இருந்த!"

ஒரு வருடத்துக்குப் பிறகு எழிலோடு ஒருவன் சண்டை போட்டான். அவள் ஒரு நெத்திலியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.