ரேகை விழாத விரல்

ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியின் நடுவே ஒரு பெருவிரல் அடையாளம். ராஜசேகர் சட்டைக் கையால் துடைத்தான். போகவில்லை. வெளிப்பக்கம் பதிந்திருக்கிறது. வெளியே ஆள் நிற்க இடமில்லை, நேரே பள்ளம்.

மூன்று மணிக்கே குன்னூர்ப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மேகம் பேங்க் குவார்ட்டர்ஸைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றது. தேயிலைக் கொழுந்து விலை விழுந்து ஃபாக்டரியெல்லாம் பூட்டிக் கிடந்தும், வாடுகிற பச்சை இலையின் நெடி கதவிடுக்கில் நுழைந்து அவன் தொண்டையில் கசப்பாக ஒட்டியது. கிட்டத்தில் எங்கோ கொழுந்து கிள்ளும் சத்தம், நறுக், நறுக்கென்று, விட்டுவிட்டு.

பக்கத்து எஸ்டேட் முதலாளிக்காகத் தொழிலாளிகள் பேரில் கடன் எழுதிய பேங்க் ஆபீசர் அவன்தான். லயத்து வீடுகளுக்கு ஓடு மாற்ற சர்க்கார் தரும் உதவி என்று சொல்லித்தான் கைநாட்டு வாங்கினான். சிலோனிலிருந்து வந்த கிழவி ஆண்டாயி சிரித்தாள்.

“கொழுந்து கிள்ளியே ரேகை தேஞ்சிருச்சி தொர. வேணும்னா கால் கட்டவெரல வச்சிக்கிறீங்களா?”

மை அப்பினாலும் வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. “சரி, நீ போ” என்று அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தன் பெருவிரலை வைத்தான். சின்ன வயதில் புல் அறுக்கும்போது அரிவாள் வெட்டிய குறுக்குத் தழும்போடு.

முதலாளி ஓடிவிட்டான். வசூல் ஜீப் ஆண்டாயி வாசலில் நின்றது. தேயிலைக்கு அடிக்கிற மருந்தை அவள் குடித்துச் செத்தாள்.

நாளை கோயம்புத்தூரில் விசாரணை. அவன் ரேகையை எடுப்பார்கள். ஒத்துப்போனால் ஜெயில். இது அழிந்து தொலையக் கூடாதா என்று காலையிலிருந்து விரலைத் துவைகல்லில் தேய்த்திருந்தான்.

கண்ணாடியைக் கிட்டத்தில் பார்த்தான். அடையாளத்தின் குறுக்கே தழும்பு.

தன் விரலைத் திருப்பினான். கறுப்பு. தேயிலைக் கறை. வழவழப்பு. ரேகை இல்லை. தழும்பும் இல்லை.

கிள்ளும் சத்தம் நின்றது.

பின்கதவு திறந்து மூடியது.

“ஏனுங்க,” மனைவி சசிரேகாவின் குரல். “பின்னாடி ஒரு வயசான அம்மா வந்துச்சுங்க. உங்களுக்குப் பழக்கமாம். என்ன பேசியும் உள்ள வரல.”

“கதவத் தாழ் போடு!”

“அது போயிருச்சுங்க. நல்லாயிருன்னு பொட்டு வெச்சு உட்டுச்சு. கை ஐஸாட்டம் இருந்துச்சு, பாவம்.”

சிரித்துக்கொண்டே வந்து வெளிச்சத்தில் நின்றாள். நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை, குறுக்குத் தழும்போடு, ஈரம் காயாமல்.