வியாழக்கிழமை எழுதிய இரங்கல்

வியாழக்கிழமையை வெள்ளிக்கிழமையாக மாற்றிச் சேமித்தார் பதிவர். பக்கம் ஒரு கணம் வெளுத்துப் போய், திரும்பி வந்து, மறுபடியும் வியாழக்கிழமையையே காட்டியது.

தெருவே அவரைப் பதிவர் என்றுதான் கூப்பிடும். குழாய் ஒழுகினாலும் வலைப்பூவில் ஒரு பதிவு, பல் பிடுங்கினாலும் ஒரு பதிவு. மனைவியின் குறட்டையை மூன்று பாகமாக எழுதி ஊரைச் சிரிக்க வைத்தவர், அவள் மாடிப்படியில் உருண்டு செத்ததை மட்டும் சும்மா விடுவாரா? உருக்கமாக ஓர் இரங்கல். நாற்பது பேர் அழுததாகக் கருத்திட்டிருந்தார்கள். அழாமல் என்ன செய்வார்கள்? முந்தைய நாளே உட்கார்ந்து, காற்புள்ளி அரைப்புள்ளி பார்த்து மெருகேற்றியதாயிற்றே! எழுதத் தொடங்கிய நாளையே வலைப்பூ தேதியாகப் போட்டுக்கொள்ளும் என்பதுதான் அந்த அவசரத்தில் மனிதருக்கு மறந்துபோயிற்று.

ஒரு மாதமாக யார் கண்ணிலும் படவில்லை. இன்று மதியம் மச்சினன் போன் செய்தான்.

"அத்தான், அக்கா விழுந்தது வெள்ளிக்கிழமை. நீங்க வியாழக்கிழமையே அழுதிருக்கீங்களே?"

"அது கம்ப்யூட்டர் கோளாறுப்பா."

"அப்படியா? போலீஸ்ல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். அவரையும் கூட்டிக்கிட்டு நாலு மணிக்கு வரேன். என்ன கோளாறுன்னு பார்த்துடலாம்."

இப்போது மணி மூன்றே முக்கால். மறுபடி மாற்றினார். 'தரவுத்தளப் பிழை. தேதியை மாற்ற இயலவில்லை.' பதிவையே அழித்துவிடப் பார்த்தார். அதற்கும் பிழை. ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

தளத்தைப் பராமரிக்கும் பெண்ணைப் போனில் பிடித்தார். வேலைக்குப் புதியவள்.

"பழைய பதிவுல தேதி மாத்தினா சில சமயம் டேட்டாபேஸ் இப்படி முரண்டு பிடிக்கும் சார். இருங்க பார்க்கிறேன்… ஓ, அதே பதிவை இன்னொருத்தர் திறந்து வச்சிருக்காங்க. அதான் பூட்டிக்கிச்சு."

"யாரு?"

"உங்க வீட்டம்மாதான் சார். உங்க வீட்டு இணைப்புலேர்ந்துதான் வேலை பார்க்கறாங்க. அவங்களைச் சேமிச்சுட்டு வெளிய வரச் சொல்லுங்க, சரியாயிடும்."

போனை வைத்தார். அவருடைய எழுத்தையெல்லாம் பிழை பார்த்துக் கொடுத்தவள் மனைவிதான். மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, தன் பழைய கணினியில். சாவு வீட்டுக் கூட்டம் கலைந்த அன்றே அந்த அறையைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போடாத குறையாக எங்கோ ஒளித்து வைத்திருந்தார். இப்போது வீடு மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்த அந்த நிசப்தத்தில், தலைக்கு மேலே மாடி அறையிலிருந்து, சின்ன எலி பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. விசைகளைத் தட்டும் சத்தம்.

நின்றது.

நாற்காலி நகர்ந்தது. கதவு கிறீச்சிட்டது. அவள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி இறங்கி வந்தது.

பிறகு படி. ஒன்று. இன்னொன்று. உருளவில்லை. நிதானமாக.

எழுந்து ஓட நினைத்தார். கால் வரவில்லை. திரையில் இரங்கலின் வரிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

கடைசிப் படி.

வாசல் மணி அடித்தது. கதவுக்கு வெளியே மச்சினனின் குரல். போனில் வலைப்பூவைப் பார்த்து யாருக்கோ வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"'தேதி சரியாகத்தான் இருக்கிறது. என்னைத் தள்ளுவதென்று அவர் முடிவு செய்தது வியாழக்கிழமை.' சார், பாருங்க, அடுத்த வரி வருது. 'இரண்டு கையாலும் தள்ளினார். கீழே வந்து பார்த்தார். மூச்சு இருந்தது. கழுத்தைப் பிடித்து…'" கதவை அறைந்தான். "அத்தான்! கதவைத் திறங்க! இதை நீங்களா எழுதுறீங்க?"

பதிவர் குனிந்து பார்த்தார். அவருடைய விரல்கள்தான். பத்தும் விசைகள்மேல் ஓடிக்கொண்டிருந்தன. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. நிற்கவில்லை.

திரையின் கறுத்த ஓரத்தில், நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. அந்த முதுகுக்கு மேல், கழுத்து முறுக்கிக்கொண்டு இந்தப் பக்கமாகத் திரும்பிய முகம். அதன் உதடுகள் அசைந்தன. அசைய அசைய, அவர் எழுதினார்.