ஆறாவது பேட்டரி

இரும்புப் பெட்டிக்குள் அவன் ஐந்து பேட்டரிகளைத்தான் வைத்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மூடியைத் திறந்தபோது ஆறு இருந்தன.

முதலில் அவனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எண்ணிக்கையில் கோட்டை விடுகிற ஆளா அவன்? மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினேழு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவன். இம்மி பிசகினாலும் வாடிக்கையாளர் மறுநாளே தலைவலி என்று வந்து நிற்பார். அப்படி ஒருத்தரும் வந்து நின்றதில்லை. ரிமோட் விமானம் பறக்கவிடும் கிளப்பில் அவனுக்கு 'டாக்டர்' என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கைதான். செத்த பேட்டரியை எழுப்பிவிடுவான் என்று பெயர். "நம்ம டாக்டர்கிட்ட குடுங்கப்பா, எமன் வாயில இருந்தாலும் பிடுங்கிட்டு வந்துருவான்" என்று அவனுடைய அண்ணனே மைதானம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தார்.

ஆறாவது பேட்டரி மற்ற ஐந்தின் மேல் குறுக்காகக் கிடந்தது. நீல உறை. ஓரத்தில் கறுப்பு மார்க்கரில் 'ஓகே' என்று எழுதியிருந்தது. அவன் கையெழுத்து. அந்த ஓவின் வாலை அப்படி இழுத்து எழுத அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது.

அந்த பேட்டரி எரிந்து ஆறு வாரம் ஆகிறது. அண்ணனும் அதோடுதான் போனார்.

வெளியே ஐந்தாவது நாளாக மழை. துவைக்கும் இயந்திரமும் துடைப்பங்களும் வைக்கிற அந்தச் சின்ன அறையில் ஈரத்துணி வாடை எப்போதும் இருக்கும். இன்று அதன் அடியில் வேறொன்று இருந்தது, அழுகத் தொடங்கிய பழத்தில் யாரோ நகப்பூச்சைக் கொட்டியதுபோல் தித்திப்பாக, தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி. அவனுக்குத் தெரிந்த வாடைதான். பேட்டரி கசிந்தால் இப்படித்தான் வரும்.

அந்த நீல உறைக்குள் என்ன இருந்தது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். இந்த பேட்டரிகள் மெல்லிய வெள்ளிப் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறை மாட்டியவை. நல்லதாக இருந்தால் தட்டையாக, பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருக்கும். கெட்டுப்போனால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். உப்பிவிட்டால் அதன் கதை முடிந்தது; சீண்டினால் தீப்பிடித்து வெடிக்கும். சார்ஜ் போடாதே, குத்தாதே, அமுக்காதே, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோ என்று கிளப்புக்கு வருகிற புது ஆளுக்கு முதல் நாளே சொல்வார்கள். சொல்லிக் கொடுப்பவனே டாக்டர்தான்.

அண்ணன் தம் உப்பிய பேட்டரியை நீட்டியபோது, முடியாது என்று சொல்ல டாக்டருக்கு மனசு வரவில்லை. பட்டம் வாங்கியவனுக்கு அது ஒரு கௌரவப் பிரச்சினை. இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருகி, ஒரு ராத்திரி முழுக்க அமுக்கி, காலையில் தட்டையானதும் புது நீல உறை மாட்டிச் சூடுகாட்டி இறுக்கி, 'ஓகே' என்று எழுதிக் கொடுத்தான். "புதுசு மாதிரி இருக்குடா!" என்றார் அண்ணன். அன்றைக்கே சார்ஜில் போட்டுவிட்டு, மழை என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் படுத்தார். ஈரத்தில் கதவு உப்பி நிலையோடு இறுகிக்கொண்டது. அண்ணி வெளியிலிருந்து மோதி மோதித் தோள் எலும்பை உடைத்துக்கொண்டாள்.

தீயணைப்புக்காரர்கள் வயரிங் கோளாறு என்று எழுதிவிட்டுப் போனார்கள். கரியில் கிடந்த அந்த பேட்டரியின் கறுப்புக் கட்டியை டாக்டர்தான் முதலில் பார்த்தான். யாரும் பார்க்காத நேரமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்து பாலத்தின் மேலிருந்து ஆற்றில் எறிந்தான். 'தப்பித்தோம்' என்று அந்த நேரத்தில் அவன் மனசு சொன்னது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு அவன்மேலேயே குமட்டும்.

"தம்பி."

அண்ணி வாசலில் நின்றிருந்தாள். வீடு போனதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், கூடத்தைத் தாண்டிக் கடைசி அறையில். கட்டுப் போட்ட தோளை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, தூங்கி எழுந்த முகமாக.

அவன் பெட்டியை உடம்பால் மறைத்தான். "என்ன அண்ணி? காபி போடவா?"

"வேணாம். ஒண்ணே ஒண்ணு கேட்கணும். கோவிச்சுக்காதீங்க. அது வயரிங்தானே?"

தினமும் கேட்கிற கேள்விதான். இரண்டு நாளாக அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருந்தது.

"ஏன்னா அன்னிக்கு மத்தியானம் நான்தான் அந்த ரூம் பிளக்குல அயர்ன் பாக்ஸ் போட்டேன். பிளக் சூடா இருந்துச்சு. அவர்கிட்டச் சொல்லணும்னு நெனச்சேன், அடுப்புல வேலை, மறந்துட்டேன். அதனாலதான் இருக்குமோ?"

சொல்லிவிடலாம். மூன்றே வார்த்தை. 'அண்ணி, தப்பு என்மேலதான்.' அவள் ஊரைக் கூட்டமாட்டாள், போலீசுக்குக்கூடப் போகமாட்டாள் என்று தோன்றியது. ஆனால் அவள் பார்ப்பாளே. அந்தப் பார்வைக்கு முன்னால் எப்படி நிற்பது?

"வயரிங்தான் அண்ணி. அதான் எழுதியே குடுத்துட்டாங்களே. போய்ப் படுங்க."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பிளாஸ்டிக் உறை இழுபடும்போது வருகிற முனகல்.

திரும்பினான். நீல உறை இறுகிப் பளபளத்தது. ஒரு விரல் கனம் இருந்தது இப்போது இரண்டு விரல் கனம்.

மூளை கலங்கிப் போச்சா என்று தன்னையே திட்டிக்கொண்டான். தோல் கையுறை மாட்டி, இடுக்கியால் எடுத்து, பின்பக்கக் கூரைக்கடியில் வாளியில் உப்பைக் கொட்டிக் கரைத்து அதில் மூழ்க வைத்தான். கிளப்பில் இப்படித்தான் செய்வார்கள். உப்புத்தண்ணீரில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக உயிர் விடும். குமிழிகள் வந்தன. வரத்தான் வேண்டும். ஆனால் அவை ஒரு கொத்தாக மேலே வந்தன, நின்றன, ஒருவன் மூச்சை இழுத்துப் பிடிக்கிற நேரம் கழித்து அடுத்த கொத்து வந்தது. வாளியின் மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகையின் மேல் செங்கல்லை வைத்தான்.

உள்ளே வந்து கை துடைக்க அலமாரியிலிருந்து துண்டெடுக்கப் போனால் இழுப்பறை வரவில்லை. உப்பியிருந்தது. மழைக்கு மரம் உப்பாதா என்ன? மனைவிகூட மத்தியானம் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்: "அண்ணி ரூம் கதவு நிலையில மாட்டுது, கொஞ்சம் இழைச்சு விடுங்களேன், டாக்டர்னு பேரு மட்டும் வெச்சுக்கிட்டா போதுமா?" எட்டு மணிக்கு வந்துவிடுவாள். எட்டு மணி வரை தாக்குப் பிடித்தால் போதும். எதைத் தாக்குப் பிடிக்க வேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை.

கூடத்து மேஜையிலிருந்த டைரியின் பக்கங்கள் விசிறியாக விரிந்திருந்தன. சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் ஓர் உப்பல், உள்ளங்கை அகலம். தொட்டான். கதகதப்பாக இருந்தது. சுவர் எங்கேயாவது கதகதக்குமா?

"தம்பி," கடைசி அறையிலிருந்து அண்ணியின் குரல், படுத்துக்கொண்டு பேசுகிற குரல். "ஏதோ இனிப்பா வாசனை வருது. அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சு. வயரிங் எரிஞ்சா இனிப்பா வாசனை வருமா?"

அவன் கை சுவரிலேயே இருந்தது.

"வரும் அண்ணி. சில ஒயரு அப்படித்தான்."

அந்தச் சுவர் அவன் கைக்கடியில் நகர்ந்தது. மெதுவாக. அவனை நோக்கி.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். செங்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. பலகையும் அப்படியே இருந்தது. தூக்கிப் பார்த்தான். வாளியில் தெளிந்த தண்ணீர், அடியில் கரையாத உப்பு, வேறொன்றுமில்லை. துவைக்கும் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தான். எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஐந்துதான்.

ஐந்து என்று பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. அந்த உயிர் தொண்டைக்கு வருவதற்குள் இன்னொரு நினைப்பு வந்து அதை அமுக்கியது. பெட்டியிலும் இல்லை, வாளியிலும் இல்லை. அப்படியானால் எங்கே?

கூடத்தின் கடைசியில் அண்ணியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அதன் நடுப்பகுதி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"அண்ணி! வெளிய வாங்க!"

கதவைத் தட்டினான்.

"அண்ணி, எழுந்திரிங்க, கதவைத் திறங்க!"

"ஏன் தம்பி கத்துறீங்க?" நிதானமான குரல். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "மெதுவா. தூங்குறார்."

தோளால் மோதினான். மரம் முனகியது. மறுபடி மோதினான். அண்ணி அன்று எத்தனை முறை இப்படி மோதியிருப்பாள் என்ற எண்ணம் வந்து, கண்ணில் நீர் முட்டியது. மூன்றாவது மோதலில் கதவு ஒரு சாண் திறந்தது. அவ்வளவுதான். தலையை நுழைக்க முடியவில்லை. ஒரு கண்ணை மட்டும் வைக்க முடிந்தது.

உள்ளே மழைச் சாயங்காலத்தின் மங்கல் வெளிச்சம். தித்திப்பு நாற்றம் முகத்தில் அறைந்தது. அண்ணி கட்டிலின் ஓர் ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் போர்வை. போர்வைக்கடியில் ஒன்று. மல்லாந்து. ஆள் நீளம்.

"அவரு கேட்டுக்கிட்டே இருக்கார் தம்பி," என்றாள், தலையைத் திருப்பாமல். "எப்படி ஆச்சுன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. நான் அயர்ன் பாக்ஸ் போட்டதாலதானா? நான்தான் அவரக் கொன்னேனா?"

இப்போது சொல். இப்போதாவது சொல். சொன்னால் நிற்கும். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கடை லென்ஸ் வழியாகப் பார்ப்பதுபோல் துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு பொய்க்கும்தான் அது உப்புகிறது. வாயைத் திறந்தான். அவள் மெல்லத் திரும்பிக் கதவிடுக்கைப் பார்த்தாள். அந்தக் கண்கள். அவனை நம்பி, அவன் சொல்லப்போகும் எதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக.

"வயரிங்..." என்றது அவன் வாய். "வயரிங்தான், அண்ணி."

போர்வை ஏறியது.

நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், சீராக, ஒரு நீண்ட மூச்சு இழுப்பதுபோல் ஏறியது. இறங்கவில்லை. மேலும் ஏறியது. எங்கேயோ உறை இழுபடும் முனகல்.

"பாருங்க!" அண்ணியின் முகம் மலர்ந்தது. "பாருங்க தம்பி, மூச்சு வருது! மூச்சு வருது!"

"அண்ணி, தொடாதீங்க!"

கத்தினான் என்றுதான் நினைத்தான். சத்தம் வரவில்லை. கதவு அவன் கன்னத்தை நெருக்கிக்கொண்டு மூடத் தொடங்கியிருந்தது. இடுக்கு நாலு விரலாயிற்று. மூன்று விரலாயிற்று.

"நான்தான் அண்ணி! நான்தான்! நான்தான் அமுக்கிக் குடுத்தேன்!"

இது வெளியே வந்தது. வீடு முழுக்கக் கேட்டது. ஆனால் அவள் கேட்கிற நிலையில் இல்லை. அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு, உடைந்த தோளையும் பாராமல் எழுந்து, அந்த உயர்ந்து நிற்கும் நெஞ்சின் மேல் கன்னத்தை வைத்தாள். இரண்டு கைகளாலும் அதைச் சுற்றி வளைத்தாள். பிறகு, ஆறு வாரமாகத் தொட முடியாதவரைத் தொடுகிற ஆசை அத்தனையும் சேர்த்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து, இறுக்கி அணைக்கத் தொடங்கினாள்.