மாவுக்கட்டு

அரிப்பு நின்றுபோனதுதான் முதலில் அவருக்கு விசித்திரமாகப் பட்டது.

பஸ் டிரைவர் அவர். வலது கால் முறிந்து, முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு நான்கு வாரமாகியிருந்தது. தரைத்தளத்து வீடு. கட்டிலை ஒட்டிய சுவர் ஓதமேறி உப்பி, பழைய காகிதமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடையை அறை முழுக்க விட்டுக்கொண்டிருக்கும். மனைவி துணிக்கடைக்கு வேலைக்குப் போனபின், ஜன்னல் திரைக்குப் பின்னால் வெயில் நகர்வதைப் பார்த்தபடி, பகல் முழுக்க அந்த அரிப்போடுதான் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அளவுகோலை விட்டுப் பார்த்தார், பின்னல் ஊசியை விட்டுப் பார்த்தார். எதுவும் எட்டவில்லை.

அன்று மத்தியானம் அது சட்டென்று அடங்கியது. போர்வையை விலக்கினார். ஒரு வெள்ளிப்பூச்சி. பழைய புத்தகங்களுக்குள் ஓடுமே, இறக்கையில்லாமல், வாலில் மூன்று மயிரோடு, அதுதான். கட்டின் வாய்க்குள் தண்ணீர்போல வழுக்கி இறங்கியது. உள்ளே யாரோ இறகால் தடவிக்கொடுப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

"அது கடிக்காதுங்க. மாவு இருக்கிற இடத்துக்கு வரத்தான் செய்யும். உங்களையா தின்னுடப் போகுது?" என்று சிரித்தபடி விளக்கைப் போட்டாள்.

வெளிச்சம் விழுந்ததும் கட்டுக்குள் பூச்சிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடின. ஒன்றல்ல. பத்தும் அல்ல.

"விளக்கை அணைச்சிடு. கண்ணு கூசுது," என்றார்.

நான்கு வாரத்தில் அன்றுதான் அவர் அசந்து தூங்கினார். வலிய வரும் சீதேவியை யாராவது காலால் எட்டி உதைப்பார்களா? மறுநாள் தாமே திரையை இழுத்து மூடச் சொன்னார். அதன் மறுநாளும்.

அடுத்த வாரம், படுக்கையைத் தட்டி விரிக்க அவர் காலைத் தூக்கிய மனைவி அப்படியே நின்றாள்.

"என்னங்க, இவ்வளவு லேசா இருக்கு?"

டாக்டருக்குப் போன் போட்டாள். கட்டுக்குள் சதை வற்றும், சகஜம்தான் என்றார் அவர்.

அவள் போனபிறகு டிரைவர் சீப்பால் கட்டைத் தட்டினார். காலி டப்பா போலச் சத்தம் கேட்டது. பிரேக் மிதிக்கிற கால். அதை நம்பித்தான் குடும்பம். விரல்களை அசைக்கப் பார்த்தார். சாம்பல் பூத்திருந்த அவை அசையவில்லை. வெகுநேரம் கழித்து, அவர் அசைக்காதபோது, அசைந்தன. சுண்டுவிரல் முதலில். பிறகு வரிசையாக மற்றவை.

போர்வையை இழுத்து மூடினார்.

"டாக்டர்கிட்ட முன்னாடியே போயிடலாமா?" என்று இரவு கேட்டாள். அவர் முகம் போன போக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கட்டுப் பிரிக்க இன்னும் மூணு நாள்தானே," என்றார். வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும்.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரி. பெரிய ஜன்னல் இருந்த அறை. வெயில் கண்ணில் அடிக்க, கட்டுப் பிரிப்பவர் திரையை இழுத்து மூடிவிட்டு, விளக்கைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, வட்ட ரம்பத்தை ஓட்டினார். மாவுத்தூள் பறந்தது. மனைவி டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டு இரண்டாகப் பிளந்தது.

கால் இருந்தது. கெண்டைச்சதை, கணுக்கால், குதிகால். எல்லாம் இருந்தன. அரையிருட்டில் வெள்ளியாக மினுங்கின.

"பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு," என்றார் கட்டுப் பிரிப்பவர். எழுந்துபோய்த் திரையை விலக்கினார்.

வெயில் விழுந்தது.

குதிகால் கலைந்தது. கணுக்கால். கெண்டைச்சதை. ஆயிரமாயிரமாக, சத்தமே இல்லாமல், இருட்டைத் தேடி, மேல்நோக்கி. முழங்கால் தோல் ஒருமுறை உப்பி, அடங்கியது. தொடை உப்பியது.

வலிக்கவே இல்லை.

வெள்ளை மாவின் பள்ளத்தில், வழித்துத் துடைத்த எலும்பு கிடந்தது. அதன் நுனியில் ஐந்து நகங்கள், வரிசை கலையாமல்.