மீட்டிங் அறையில் நான்கு கோட்டுகள்

பொற்கொடியின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். கணவன்மேல் சந்தேகப்படுகிற மனைவியும் பார்ட்னர்மேல் சந்தேகப்படுகிற முதலாளியும் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தால் நன்றாகவா இருக்கும்? ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, ஓசூர் பாகலூர் ரோட்டு மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்தே ஏறி வந்தார்கள். ஒருவன் கையில் ஹேங்கரோடு ஒரு கருநீலக் கோட்டு. சரியாகத் தூங்காமல் கண்கள் வீங்கியிருந்தன. இன்னொருவன் அவன் தோளில் கை போட்டு, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட வருகிற தகப்பனைப் போலக் கூட்டி வந்தான்.

“உட்காருங்க தம்பி,” என்றார் பொற்கொடி.

பொற்கொடிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா புளுகா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். வேலையை விட்டபின் அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டார். அவருக்கு உதவியாள் சென்றாயன். ஓசூர்–ராயக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உள்ளே வருகிற எவரையும், டிக்கெட் எடுக்காமல் ஏறியவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் போகவே இல்லை.

கோட்டு வைத்திருந்தவன் பெயர் ஆனந்த். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். சிப்காட்டில் ஒரு கியர் தொழிற்சாலையில் இன்ஜினியர். கூட வந்தவன் மோகன்குமார், அதே தொழிற்சாலை, அதே பிரிவு.

“புதன்கிழமை ஜெர்மனியில இருந்து ஆளுங்க வந்தாங்க மேடம்,” என்றான் ஆனந்த். “மீட்டிங்ல உட்காருற நாலு பேரும் கோட்டு சூட்டுல வரணும்னு உத்தரவு. மேனேஜர் முனிவேல் சார், அக்கவுன்ட்ஸ் கோபி அண்ணன், நான், இந்த மோகன். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை ஒரு வருஷம் ஜெர்மனிக்கு அனுப்புறதா இருந்துச்சு. எனக்குத்தான்னு பேச்சு.”

“அப்புறம்?”

“அவங்க பென்டிரைவ் காணாமப் போச்சு. புது கியரோட டிராயிங் பூரா அதுலதான் இருந்துச்சு. டீ குடிக்கிற வரைக்கும் மேஜைமேல பாத்ததா சொல்றாங்க. சாயங்காலம் கேட்ல எல்லாரையும் சோதனை போட்டாங்க. என் கோட்டோட வலது பாக்கெட்ல இருந்துச்சு மேடம்.”

திங்கட்கிழமைக்குள் தானாக வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் சிப்காட்டில் எந்த கேட்டும் திறக்காது. அப்பா இல்லை. தங்கைக்குப் பேசி முடித்த கல்யாணம் வேறு, இவன் சம்பளத்தை நம்பி நிற்கிறது.

மோகன்குமார் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். “நாலு வருஷமா ஒரே வீடு மேடம். ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். இவனாவது எடுக்கிறதாவது! இவங்க அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துருச்சு.” சற்றுத் தயங்கினான். “ஆனா மேடம், மறைக்கக் கூடாது. டீ குடிக்கிறப்ப இவன் வலது பாக்கெட்ல எதையோ போட்டதை நான் பாத்தேன். மேனேஜர் கேட்டாரு, பொய் சொல்ல வாய் வரல.”

“அடப்பாவி! சிநேகிதனா நீ?” சென்றாயன் எழுந்தேவிட்டார்.

“அவனைத் திட்டாதீங்க அண்ணே,” என்று ஆனந்த் குறுக்கே விழுந்தான். “அவன் பாத்ததைத்தான சொன்னான்? எனக்கே இப்ப என்மேல சந்தேகமா இருக்கு. வெள்ளைக்காரங்க முன்னாடி கை காலெல்லாம் நடுங்கிட்டு இருந்துச்சு. என்னையறியாம எடுத்து வச்சுட்டேனோ என்னமோ.”

பொற்கொடி அவனை நிமிர்ந்து பார்த்தார். தான் திருடவில்லை என்று அடித்துச் சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். நண்பன் வார்த்தையை நம்பித் தன்னையே திருடன் என்று நினைத்துக்கொள்கிற ஒருவனை இப்போதுதான் பார்க்கிறார். அவருக்கு மனசு என்னவோ செய்தது.

“கோட்டு புதுசா?”

“இதுக்குன்னே பெங்களூர்ல எடுத்தது. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது மேடம். மோகன் முன்னாடி அங்க ரெடிமேட் ஷோரூம்ல இருந்தவன். எல்லாம் அவன்தான் சொல்லிக் குடுத்தான். அடிப் பட்டன் போடக் கூடாது. உட்கார்றப்ப மேல் பட்டனையும் கழட்டிடணும். சட்டைக் கை கோட்டுக்கு வெளியே துளி தெரியணும். டை நுனி பெல்ட் பக்கிளைத் தொடணும். சாக்ஸ் பேன்ட் கலர்லதான் இருக்கணும். அன்னிக்குக் காலைல டை கட்டி விட்டது, காலரைச் சரி பண்ணி விட்டது எல்லாம் இவன்தான். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.”

“கோட்டு இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு உங்க மீட்டிங் அறையில பாக்கலாம்,” என்றார் பொற்கொடி. “மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவர்கள் படி இறங்கியதும் சென்றாயன் கோட்டைத் தூக்கித் தன் வயிற்றுக்குமேல் மாட்டிப் பார்த்தார். மேனேஜருக்குத்தான் இதில் கை இருக்கிறது என்று ஒரு கணக்கும் சொன்னார். எந்த வழக்கிலும் பெரிய பதவிக்காரர்மேல்தான் அவருக்கு முதல் சந்தேகம். பேசிக்கொண்டே கம்பீரமாக இரண்டு கையையும் பாக்கெட்டில் விடப்போனார். வலது கை போனது, இடது கை போகவில்லை.

“என்னாங்க மேடம் இது? ஒரு பக்கம்தான் பாக்கெட் வச்சிருக்கான். துணி மிச்சம் பண்ணிட்டானா?”

பொற்கொடி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார். இடது பாக்கெட் வாயில் மெல்லிய தையல் ஓடியது. வலது பாக்கெட் வாயிலும் அதே நூல் இருந்தது, அறுபட்ட துணுக்குகளாக. பிறகு சென்றாயனைத் திரும்பி நிற்கச் சொல்லி, கோட்டின் பின்பக்கம் கீழே இருக்கிற பிளவைப் பார்த்தார். அது தாராளமாகத் திறந்திருந்தது. உடனே ஆனந்துக்குப் போன் போட்டார்.

“தம்பி, இந்தக் கோட்டுல இடது பாக்கெட்ல எப்பவாவது கை விட்டீங்களா?”

“அது பாக்கெட்டே இல்லையே மேடம். ரெண்டு பக்கமும் சும்மா அழகுக்கு மூடி தச்சிருக்கான்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ஆமா. கடையில போட்டுப் பாத்தப்பவே கை விட்டேன், போகல. அதான் டிசைன்னு விட்டுட்டேன். கேட்ல வலது பக்கத்துல இருந்து எடுத்தப்ப, நான்தான் சரியாப் பாக்கலையோன்னு நெனச்சுட்டேன். ஏன் மேடம்?”

“ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் இதைச் சொல்லாதீங்க. மோகன்கிட்டயும்தான்.”

அன்று மாலை சென்றாயன் தளி ரோட்டு ஸ்டூடியோவுக்குப் போய், புதன்கிழமை தொழிற்சாலை வரவேற்பைப் படம் எடுத்தவரிடம் கன்னடத்தில் பாதியும் தெலுங்கில் பாதியுமாகப் பேசி, ஒரு கட்டுப் படங்களை வாங்கிவந்தார். பொற்கொடி அவற்றை மேஜையில் பரப்பினார். விருந்தாளிகளுக்கு ரோஜா மாலை போடுகிற படம், டீ குடிக்கிற படம், எல்லாரும் சாப்பாட்டு அறைக்குள் நுழைகிற படம். அந்தக் கடைசிப் படத்தில் நான்கு பேரின் முதுகும் வரிசையாகத் தெரிந்தது.

“இங்க பாருங்க மேடம், ஆனந்த் தம்பி பின்னாடி யாரோ சாக்பீஸால பெருக்கல் குறி போட்டு விட்டிருக்காங்கோ! மேனேஜர் முதுகுலயும் இருக்குது. பள்ளிக்கூடப் பசங்க வேலை மாதிரி இல்ல?”

“அப்புறம், தம்பி கையில என்ன?”

“செல்போன், சாவிக்கொத்து. டீ குடிக்கிற படத்துலயும் கப்போட சேத்து அதையெல்லாம் இடுக்கிட்டு அவஸ்தைப்படுறாரு, பாவம்.”

பொற்கொடி படங்களை அடுக்கி உறையில் போட்டார். அதற்குமேல் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சென்றாயனுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஓய்ந்து கிடந்தது. பொற்கொடி கேட்டுக்கொண்டபடி நான்கு பேரும் மீட்டிங் அறைக்கு வந்திருந்தார்கள், ஆனந்தைத் தவிர மற்றவர்கள் அதே கோட்டுகளில். மேனேஜர் முனிவேலின் கோட்டுக் கையில், கடையில் ஒட்டிய துணி லேபிள் பளபளவென்று அப்படியே இருந்தது. சென்றாயன் அதையே வெறித்துப் பார்த்தார்.

“லேபிள் வெளிய தெரிஞ்சாதானே நல்ல கோட்டுன்னு நாலு பேருக்குத் தெரியும்?” என்றார் முனிவேல்.

அக்கவுன்ட்ஸ் கோபி தன் கல்யாண ரிசப்ஷனுக்கு ராயக்கோட்டை டெய்லரிடம் தைத்த கோட்டில், எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். மோகன்குமார் மட்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி கச்சிதமாக இருந்தான்.

“பென்டிரைவ் மேஜைமேல இருந்தது டீ நேரம் வரைக்கும்,” என்று பொற்கொடி தொடங்கினார். “சாப்பாட்டுக்கு அப்புறம் மெஷின்களைச் சுத்திப் பாக்கப் போறப்ப, பாதுகாப்புக்காக நாலு பேரும் கோட்டைக் கழட்டி இங்க மாட்டிட்டீங்க. அதுக்கப்புறம் நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது தனியா இந்த அறைக்கு வந்துட்டுப் போயிருக்கீங்க. சரிதானே சார்?”

“சரிதாங்க,” என்றார் முனிவேல். “ஆனா டீ நேரத்துல ஆனந்த் பாக்கெட்ல போட்டதைப் பாத்த சாட்சி இருக்குதே!”

“அந்தச் சாட்சியில இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.” பொற்கொடி ஆனந்தின் கோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். “நான் இன்சூரன்ஸ்ல இருந்தப்ப, தீப்பிடிச்ச துணிக்கடை ஒண்ணுல கோட்டு கோட்டா எண்ணிக் கணக்கெடுத்தேன். அப்பத் தெரிஞ்சுக்கிட்டது இது. புதுக் கோட்டு தொங்கித் தொங்கி உருக்குலையக் கூடாதுன்னு பாக்கெட் வாயைத் தச்சுத்தான் அனுப்புவாங்க. பின்னாடி பிளவுலயும் வெள்ளை நூலால பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருக்கும். வாங்குனவங்க பிரிச்சுடணும். தெரியாதவங்க அப்படியே போட்டுக்குவாங்க. ஆனந்த் அப்படித்தான் போட்டிருந்தாரு. இதோ, சாப்பிடப் போறப்ப எடுத்த படம். முதுகுல வெள்ளை நூல் இருக்கு. செல்போன் கையில இருக்கு, ஏன்னா வைக்க அவருக்குப் பாக்கெட்டே இல்ல. டீ நேரத்துல மூடித் தச்சிருந்த பாக்கெட்ல பென்டிரைவ் எப்படிங்க போகும்?”

கோபி ஒரு பட்டனைக் கழற்றி மூச்சு விட்டார்.

“இப்ப பாருங்க. வலது பாக்கெட் அறுத்திருக்கு. பின் பிளவும் அறுத்திருக்கு. இடது பாக்கெட் இன்னும் தச்சபடிதான் இருக்கு. ஆனந்துக்கு இப்படி ஒரு தையல் இருக்குறதே தெரியாது. அப்போ கோட்டு இங்க தொங்குனப்ப வேற ஒருத்தர் கத்தரியோட வந்திருக்கார். பாக்கெட்டைத் திறந்து பென்டிரைவைப் போட்டார். அதோட போயிருக்கலாம். ஆனா பின்னாடி அந்த வெள்ளை நூல் கண்ணுல பட்டுச்சு. கோட்டு விஷயம் தெரிஞ்ச கை சும்மா இருக்குமா? பழக்கத்துல அதையும் நறுக்கிடுச்சு.”

“யாருங்க அந்தத் திருட்டுப் பயல்?” முனிவேல் மேஜையைத் தட்டினார்.

“நீங்க இல்ல சார். உங்க முதுகுல அந்த நூல் இப்பவும் இருக்கு.”

முனிவேல் பதறிப்போய்க் கையைப் பின்னால் விட்டுத் தடவினார்.

“கோபி சார் கோட்டுல பிளவே இல்ல. பாக்கெட் தையல் சங்கதியும் அவருக்குத் தெரிய வழியில்ல,” என்ற பொற்கொடி, எஞ்சியிருந்தவனைப் பார்த்தார். “இந்த அறையில வாங்குனவரே நூலைப் பிரிச்சுப் போட்டிருக்குற ரெடிமேட் கோட்டு ஒண்ணே ஒண்ணுதான். மூடியிருந்த பாக்கெட்ல போட்டதைக் கண்ணால பாத்தேன்னு சொன்னவரும் அவரேதான்.”

மோகன்குமார் சிரிக்க முயன்றான். “என்ன மேடம், நூலையும் துணியையும் வச்சுக்கிட்டு... டேய் ஆனந்த், நீ சொல்லுடா. நானாடா?”

ஆனந்த் எழுந்தான். தன்மேல் இருந்த பழி விலகிவிட்டது என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவன் கேட்டது வேறு.

“காலைல வீட்டுல எனக்கு மாட்டி விட்டப்ப, நீ பின்னாடிதான நின்ன? அந்த நூல் உன் கண்ணுல பட்டுச்சா?”

மோகன்குமார் தன் டையைச் சரிசெய்தான்.

“பட்டுச்சா படலையா, சொல்லுடா!”

“பட்டுச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ கச்சிதமா இருந்திருப்ப,” என்றான் மோகன். “வந்தவங்க உன்னைப் பாத்துச் சிரிக்கணும்னு நெனச்சேன். இவன் ஜெர்மனிக்கு லாயக்கில்லைன்னு அவங்களே சொல்லணும். ஆனா அவங்க சிரிக்கல. டீ குடிக்கிறப்ப உன் கையைப் பிடிச்சுக் குலுக்குனாங்க. அதுக்கப்புறம்தான் அதை எடுத்தேன்.”

“நீ மட்டும் சிநேகிதனா அன்னிக்குக் காலைல அந்த நூலைப் பிரிச்சு விட்டிருந்தா, பாக்கெட்டும் திறந்திருக்கும். நீ சொன்ன பொய்யும் பலிச்சிருக்கும். நான் இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்திருப்பேன்டா.” ஆனந்த் அவன் எதிரே வந்து நின்றான். “நானே என்னைத் திருடன்னு நெனச்சேன், தெரியுமா? நீ சொல்லிட்டியேன்னு நெனச்சேன்.”

முனிவேல் மோகனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். போகும்போது ஆனந்திடம் மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தார். கோபி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தன் சந்தேகம் முழுக்கத் தப்பாகிப்போன சென்றாயன் படங்களைத் திரும்ப உறையில் போட்டார். இத்தனை கண்டுபிடித்தும் பொற்கொடிக்கு மனசில் துளி சந்தோஷம் இல்லை.

ஆனந்தின் செல்போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா. அவன் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தான்.

“என்னய்யா ஆச்சு? சொல்லுய்யா.”

“நான் எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சும்மா. வேலை போகாது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விம்மல்தான் கேட்டது. பிறகு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அவசரமாகக் கேட்டாள்.

“மோகன் தம்பிகிட்டச் சொல்லிட்டியாய்யா? முதல்ல அவன்கிட்டச் சொல்லு. உனக்காக அந்தப் புள்ள போன்ல எப்படி அழுதான் தெரியுமா?”

“அவனுக்குத் தெரியும்மா,” என்றான் ஆனந்த்.