அன்செல்மோவின் கல்லறையில் இருப்பவன்

உள்ளே பிரிகிதா யாருக்கோ பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தோளில் சோள மூட்டையோடு மக்காரியோ வாசலிலேயே நின்றுவிட்டான். ஏப்ரல் மாதத்து உச்சி வெயில். பெக்ஸார் ஊர் மொத்தமும் சாப்பிட்டுவிட்டுக் கதவடைத்துத் தூங்குகிற வேளை. வாய்க்கால் தண்ணீர்கூடச் சத்தம் போடாமல் நகர்கிற வேளை. தரையில் எதற்கும் நிழல் இல்லை.

"தண்ணி," என்றாள் அவள். சற்று இடைவெளி விட்டு, "தண்... ணி. சொல்லுங்க."

பிறகு அமைதி. ஒருவன் வாயைத் திறந்து, நாக்கை எங்கே வைப்பதென்று தேடித் தோற்றுப்போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேர அமைதி.

"பரவாயில்ல. நாளைக்கு வரும்."

பிரிகிதாவுக்குக் குழந்தை கிடையாது. போன மாதம் புருஷனையும் இழந்துவிட்டாள். அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

மக்காரியோ தொண்டையைச் செருமினான். அவள் வந்து கதவைத் திறந்தாள். தலை சீவி, காதில் வெள்ளித் தோடு போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேசையில் இரண்டு கிண்ணம் சோளக்கஞ்சி இருந்தது. ஒன்று வழித்துக் காலியாகியிருந்தது. மற்றது தொடப்படவே இல்லை. அதன் மேல் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது.

"யாரோட பேசிட்டிருந்தீங்க, அண்ணி?"

"யாருமில்ல, தம்பி. மூட்டைய அங்க வச்சிட்டுப் போ. இப்ப உள்ள வர வேண்டாம்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. அவனுக்குத் தெரிந்த வாடை. புதிதாய்த் தோண்டிய மண்ணும் நனைந்த கம்பளியும் கலந்தது. அவன் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அவன் வண்டிக்காரன். ஆற்றுக்கு அப்பால் போய்க் கருவேல விறகு வெட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்து விற்பவன். அவனும் அண்ணன் அன்செல்மோவும் சேர்ந்துதான் அந்தத் தொழிலைப் பார்த்தார்கள், டெக்ஸாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டும் என்று கிளம்பியவர்களோடு அண்ணன் போய்ச் சேரும்வரை.

ஆற்றின் அந்தக் கரையிலிருந்த பழைய மிஷன் கோவிலுக்குள்தான் அவர்கள் பீரங்கி ஏற்றினார்கள். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தவர்கள் அண்ணன் தம்பி இருவரின் தாய்வழி முன்னோர். ஸ்பானியப் பாதிரிமார் அவர்களைக் காட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து, புதுப் பெயர் வைத்து, அம்மை கண்டு மடிந்தபோது அங்கேயே மண்ணுக்குள் வைத்தார்கள். பாதிரிமார் போனபின் குதிரைப்படை வந்தது. கூரை கண்டிராத அந்தக் கோவிலைச் சுற்றிக் குதிரைகளைக் கட்டியது.

"கோட்டைக்கா போறேன்? அம்மா வீட்டுக்குப் போறேண்டா," என்று சொல்லிச் சிரித்தபடிதான் அன்செல்மோ ஆற்றைக் கடந்தான்.

மெக்சிகோ படை வந்து சூழ்ந்தது. ஒரு விடியற்காலையில் எல்லாம் முடிந்துபோனது. உள்ளே சண்டை போட்டவர்களைப் புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும் என்று தளபதியின் உத்தரவு. ஊரில் வண்டி வைத்திருந்தவர்களை எல்லாம் விறகு கொண்டுவரச் சொன்னார்கள். மக்காரியோவின் வண்டியும் போனது.

மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்த ஓர் இளம் அதிகாரியின் காலில் அவன் விழுந்தான்.

"என் அண்ணன் உள்ள கிடக்கான், எசமான். எரிக்காதீங்க. பூசை வச்சுப் புதைச்சிக்கிறேன்."

"ஒருத்தன்," என்றான் அதிகாரி. "ஒரே ஒருத்தன எடுத்துக்க. பொழுது சாயறதுக்குள்ள."

அவன் தேடினான். ஒவ்வொரு தலையாகத் தூக்கிப் பார்த்தான். வெடிமருந்துக் கரி எல்லா முகங்களையும் ஒன்றாக்கியிருந்தது. தெரிந்த முகம் போல இருக்கும். துடைத்தால் தெரியாத முகமாக இருக்கும். அவன் ஒரு பக்கம் தேட, மறுபக்கம் சிப்பாய்கள் அவன் கொண்டுவந்த விறகையே அடுக்கினார்கள். ஓர் அடுக்கு விறகு. ஓர் அடுக்கு மனிதர்கள். பொழுது இறங்கியது. வெறுங்கையோடு அண்ணி முன்னால் போய் எப்படி நிற்பது?

கடைசியில், அண்ணனின் உயரமும் தோளும் இருந்த ஓர் உடலைத் தன் கம்பளியில் சுற்றினான். அதற்கு முகம் இல்லை. கைகளில் வெள்ளைக்காரர்களுக்கு இருப்பதுபோலச் செம்புள்ளிகள் இருந்தன. வண்டிக்காரனின் கயிற்றுத் தழும்பு இல்லை. அதையும் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சுற்றினான்.

"தொறந்து பாக்காதீங்க அண்ணி. பாக்குற மாதிரி இல்ல," என்றான் கல்லறைத் தோட்டத்தில். பிரிகிதா கம்பளியின் மேல் விழுந்து அழுதாள். பாதிரியார் அன்செல்மோ என்ற பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அதே நேரம் பாப்ளார் மரச் சாலைப் பக்கம் தீ மூட்டினார்கள். காற்று ஊரைப் பார்த்து அடித்தது. அன்றைக்கு யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"என்ன மக்காரியோ," என்று, சோள மூட்டை இறக்கியதற்கு மறுநாள், சேணக்காரர் பந்தலியோன் கடை நிழலிலிருந்து கூப்பிட்டார். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய வாய். "அண்ணன் கல்லறை ஈரம் காயறதுக்குள்ள அண்ணி வீட்ல மத்தியானத் தூக்கமா? நடத்து, நடத்து."

"நாக்கை அடக்கிப் பேசுங்க."

"நானாடா பேசுறேன்? ஒட்டுச் சுவருடா எங்க வீடு. தினம் உச்சிப்பொழுதுல ஆம்பளக் குரல் கேக்குது. முக்கி முனகி என்னமோ பேசுறான். நீ இல்லேன்னா பின்ன யாரு?" சிரித்தவர் மக்காரியோவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். குரல் இறங்கியது. "நீ இல்லையா?"

மக்காரியோ நேராக அண்ணி வீட்டுக்குப் போனான். பொழுது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பிரிகிதா இந்தமுறை அவனை உள்ளே விட்டாள். படுக்கைப் பக்கம் ஒரு திரை தொங்கியது. சன்னல் சாத்தியிருந்தும் அறை சில்லென்று இருந்தது. ஓர் ஈகூட இல்லை.

"உன்கிட்ட மறைக்கல தம்பி. பயந்துருவேன்னு சொல்லல. உங்கண்ணன் வர்றாரு."

அவன் திரையைப் பார்த்தான்.

"தினம் வர்றாரு. ஆனா பேச்சு மறந்துபோச்சு அவருக்கு. நாம பேசுறது எதுவும் புரியல. தண்ணி வேணும்னுகூடக் கேக்கத் தெரியல. நெஞ்சுல கைய வச்சு ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொல்றாரு. எப்ரம், எப்ரம்னு. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றாரோ என்னவோ. உனக்குத்தான் வியாபாரிங்களோட பழகி நாலு பாஷை தெரியுமே. அப்படின்னா என்ன தம்பி?"

மக்காரியோவுக்கு அந்த வார்த்தை தெரிந்தது. வடக்கிலிருந்து துணி கொண்டுவரும் வெள்ளைக்கார வியாபாரிகளில் அந்தப் பெயரில் ஒருவன் இருந்தான். அது வலி இல்லை. அது பெயர். ஒரு மனிதன் நெஞ்சில் கைவைத்து, நான் அன்செல்மோ இல்லை, நான் இன்னார் என்று தினந்தினம் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

திரைக்கு அப்பால் கட்டில் கிரீச்சிட்டது.

யாரோ உட்கார்ந்தாற்போல.

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெறும் பாதங்கள். வெளுத்தவை. விரல் இடுக்கில் மண். கம்பளியின் ஓரம் தரையில் புரண்டது. அவனுடைய கம்பளி.

"தன்னி," என்றது ஒரு குரல். உதடு இல்லாத குரல். பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கஷ்டப்பட்டு, சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையோடு. "தன்... னி."

"வந்துருச்சு!" பிரிகிதாவின் முகம் மலர்ந்தது. குவளையை எடுத்துக்கொண்டு திரையை நோக்கி ஓடினாள். மக்காரியோ அவள் கையைப் பற்றினான். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது.

"போகாதீங்க! அது அண்ணன் இல்ல. தேவமாதா மேல சத்தியமா இல்ல. எனக்கு அண்ணன் கிடைக்கல அண்ணி. தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கவே இல்ல. எவனையோ கொண்டுவந்து... அண்ணன எரிச்சுட்டாங்க. என் விறகை வச்சுதான் எரிச்சாங்க."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை. குவளையில் மீதமிருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் அவள் கையை விட்டான்.

"கம்பளிக்கு வெளிய ஒரு பாதம் தெரிஞ்சுது, தம்பி. கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் காலப் பிடிச்சுவிட்டவ நான். எனக்கா தெரியாது? நீ எனக்காகப் பொய் சொன்ன. நான் உனக்காக நம்பினேன்."

"அப்புறம் ஏன் இந்த..."

"என்ன செய்யச் சொல்ற? ராத்திரி பகலா வாசலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவரு வரல. இவரு வந்தாரு. குளிருதுன்னு சைகை காட்டுனாரு. இவருக்கும் எங்கயோ ஒருத்தி வாசலப் பாத்துட்டு இருப்பா இல்ல? விரட்டிவிடவா?" அவள் கண்ணில் நீர் நிறைந்து, விழாமல் நின்றது. "புருஷனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க முடியல. அந்தத் தண்ணியத்தான் இவருக்குக் குடுக்குறேன்."

மக்காரியோ தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்து அழுதான். அவள் குனிந்து அவன் தலையில் கைவைத்தாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவனும் அசையாமல் இருந்தான், துக்க வீட்டுக்கு வந்த அந்நியன் மரியாதையாக இருப்பதுபோல.

"ஆனா ஒண்ணு, தம்பி." அவள் குரல் மாறியிருந்தது. முதல்முறையாக அதில் பயம் இருந்தது. "ஒருத்தருக்குக் கதவத் தொறந்தேன். அது மத்தவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

"யாருக்கு?"

"நேத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. இன்னிக்கு இந்தப் பக்கம் வந்துட்டாங்கன்னு நினைக்கிறேன். வாடை வருது பாரு."

வந்தது. மண் வாடையல்ல. அன்றைக்குக் காற்றில் வந்த வாடை. கருவேலம்புகை. அதற்கடியில் இனிப்பாக, கொழுப்பாக, இன்னொன்று. கதவின் கீழிடுக்கு வழியே சாம்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. மாவு சலிப்பதுபோல. மெல்ல. ஓசையில்லாமல்.

"அவங்களுக்குள்ள அவரும் இருப்பாரு," என்றாள் பிரிகிதா. "இருக்கணும். ஆனா எனக்கு அடையாளம் தெரியல. பாதமும் இல்ல, முகமும் இல்ல, எல்லாம் ஒண்ணா இருக்கு. நீ கூடப் பொறந்தவன். நீ பாரு. நீ சொல்லு."

"வேண்டாம் அண்ணி. தொறக்காதீங்க."

"அவரு வெயில்ல நிக்கிறாரு, மக்காரியோ."

அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முதலில் வெள்ளைத் தரை மட்டும் தெரிந்தது. பிறகு முற்றம். பிறகு வாய்க்கால் வரைக்கும், வாய்க்காலையும் ஆற்றையும் தாண்டி மிஷனின் இடிந்த சுவர் வரைக்கும், அவர்கள். சாம்பல் நிறம். ஆள் உயரம். தோளோடு தோள். காற்று வந்தபோது ஓரங்கள் உதிர்ந்தன. காற்று நின்றதும் மறுபடி சேர்ந்துகொண்டன. யாருக்கும் முகம் இல்லை. யாருக்கும் நிழல் இல்லை. சண்டைக்கு வந்தவர்கள் போல இல்லை. பூசையில் நற்கருணை அப்பத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் போலப் பொறுமையாக நின்றார்கள்.

மக்காரியோ பார்த்தான். முதல் வரிசை. இரண்டாவது. உயரமாக ஒருவன். தோள் சரிந்த ஒருவன். இவனா? இல்லை. அவனா? அன்றைக்கு மாதிரியே. அன்றைக்கு மாதிரியே ஒன்றும் தெரியவில்லை.

"கூப்பிடு," என்றாள் பிரிகிதா, அவன் தோளைப் பற்றி உலுக்கி. "பேரச் சொல்லிக் கூப்பிடு. அவரு மட்டும் வருவாரு."

அவன் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் சுவை.

"அன்செல்மோ," என்றான்.

அத்தனை பேரும் நெஞ்சில் கைவைத்து ஓர் அடி முன்னால் வந்தார்கள்.