வெற்றுப் பக்கத்தின் பதில்

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீர் கொதிக்க வைத்து, இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். போர்வையை மடித்தான். கணினியின் முன் உட்கார்ந்தான்.

மருத்துவமனை வரவேற்பறைக்கான மென்பொருள். இடப்பக்கக் கட்டத்தில் நோயாளியின் பெயரைத் தட்டினால், வலப்பக்கத்தில் மென்பொருளுக்குள்ளேயே பதித்திருக்கும் பிரவுசரில் திறக்கும் பக்கத்துக்கு அந்தப் பெயர் போய்ச் சேர வேண்டும். மனைவி இறந்து, விடுப்பு முடிந்து வந்தபின் கொடுத்த முதல் வேலை. உயிரை வாங்கியது. பிழை என்றுகூடச் சொல்லாமல் பெயரை விழுங்கிவிட்டுக் கல்லுளிமங்கன் மாதிரி கிடந்தது.

போன் அடித்தது. மேலாளர். ஆபீசில் அவருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர்.

"என்னப்பா, பக்கத்து ரூமுக்கு ஒரு சேதி சொல்றதுக்கு இத்தனை நாளா? மத்தியானம் ஆஸ்பத்திரிக்காரங்க பாக்க வராங்க. இன்னிக்கும் ஓடலைன்னா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாது."

"ஓடிடும் சார்."

"இதையேதான் சொல்ற." குரல் தாழ்ந்தது. "சாப்பிட்டியா?"

"ஆச்சு." பொய்.

வெகு நேரம் தேடியபின் தவறு பிடிபட்டது. பக்கம் முழுதாகத் திறக்கும் முன்பே பெயரை அனுப்பிக்கொண்டிருந்தான். உள்ளே வாங்கிக்கொள்ள ஆளில்லை. பக்கம் முதலில் ‘தயார்’ என்று சொல்லட்டும், பிறகு அனுப்பலாம் என்று, அங்கிருந்து திரும்பி வரவும் ஒரு வழி திறந்தான்.

ஓட்டினான். ‘தயார்’ என்று வந்தது.

அப்புறம்தான் கவனித்தான். பக்கத்தின் முகவரியைக் கொடுக்கவே மறந்திருந்தான். உள்ளே பக்கமே இல்லை. வெறும் வெள்ளை.

மேலாளரை அழைத்தான். "சார், பக்கமே ஏத்தல. ஆனா பதில் வருது."

"பழசு ஏதாவது உள்ள தங்கியிருக்கும். சுத்தமா அழிச்சிட்டு ஓட்டு. பேயறைஞ்ச மாதிரி பேசாத."

அழித்தான். மூடினான். திறந்தான். தயார். இணையக் கம்பியைப் பிடுங்கினான். மூடினான். திறந்தான். தயார். எரிச்சலில் மேசையைக் குத்தினான். மூடினான். திறந்தான்.

‘தயார்’ வந்த இடத்தில் வேறு வரி: ‘மூடினா இருட்டாயிடுது.’

கை தானாக விலகியது. ஜன்னலில் நல்ல வெயில், தெருவில் யாரோ கிளம்பாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசைக்கும் அடியில், ஸ்பீக்கரிலிருந்து, ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு இழுபடும் மெல்லிய சீறல் கசிந்து வர, அதோடு சேர்ந்து மருத்துவமனையின் ஸ்பிரிட் வாடையும் அறையில் பரவியது. அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். கட்டிலோரம் உட்கார்ந்து கேட்ட மூச்சு. ஸ்பீக்கரை அணைத்தான். இன்னும் கேட்டது.

இடப்பக்கக் கட்டம். அவன் மட்டுமே தட்டும் கட்டம். எழுத்தெழுத்தாக நிறைந்தது.

அவள் பெயர்.

மேசைக்கடியில் கைவிட்டு சுவிட்சைத் தட்டினான். திரை கறுத்தது. கறுப்பில் அவன் முகம். அதன் மேல் மூச்சு பட்டதுபோல் ஒரு மங்கல். துடைத்தான். போகவில்லை. மறுபடி துடைத்தான். மங்கல் கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது. அதில் விரல்கள் அழுந்தின. ஒவ்வொன்றாக.

‘போயிட்டு வாங்க’ என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். முகமூடியை விலக்கி, அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது வேறு.

"லைட்டை அணைச்சிட்டுப் போயிடாதீங்க."